யாருடைய கைபேசி? பள்ளித் தடைகளும் அவற்றுக்கான சான்றுகளும்

1. கேள்வி

2018 ஆகஸ்ட் 3 அன்று பிரான்ஸ் இயற்றிய சட்டம், மழலையர் பள்ளி முதல் பதினைந்து வயதுவரை படிக்கும் மாணவர்களின் கைபேசிப் பயன்பாட்டைப் பள்ளி வளாகம் முழுவதிலும் தடுத்தது. வகுப்பு நடக்கும்போது கைபேசி கூடாது என்ற விதி அங்கே 2010 முதலே உண்டு. புதிய சட்டம் அதை விளையாட்டுத் திடலுக்கும் உணவுக்கூடத்துக்கும் நீட்டியது. அதன்பின் நாடுகள் வரிசையாகச் சேர்ந்தன. நெதர்லாந்தின் உயர்நிலைப் பள்ளிகள் 2024 தொடக்கத்தில், சட்டம் இல்லாமல் உடன்பாட்டின் வழியே வகுப்பறைகளிலிருந்து கைபேசியை விலக்கின. பிரேசில் 2025 ஜனவரியில் தேசியச் சட்டம் கொண்டுவந்தது. தென்கொரிய நாடாளுமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, 2026 மார்ச்சில் தொடங்கும் கல்வியாண்டு முதல் அது நடைமுறைக்கு வரும் என்று குறித்தது. யுனெஸ்கோவின் கணக்குப்படி 2023 இறுதியில் 60 கல்வி அமைப்புகளில் இருந்த தடை, 2024 இறுதியில் 79 அமைப்புகளுக்குப் பரவியிருந்தது. உலகக் கல்வி அமைப்புகளில் இது சுமார் 40 விழுக்காடு.

நம்மிடையே இதுபற்றிப் பேசுவோர் இரண்டு அணிகளாக நிற்கிறார்கள். பிள்ளையின் கவனத்தைத் தின்னும் பொருளை உள்ளே விடாதே என்கிறது ஓர் அணி. நூலகமே கையில் இருக்கும்போது அதைப் பிடுங்குவது மடமை என்கிறது மற்றது. இரண்டு அணிகளும் சொல்லாமலேயே ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு: ஒவ்வொரு மாணவரிடமும் தனக்கே தனக்கென ஒரு கருவி இருக்கிறது என்பது. தடை கேட்பவர் அதை வாங்கி வைக்கச் சொல்கிறார். அனுமதி கேட்பவர் அதைப் பயன்படுத்தச் சொல்கிறார்.

அந்த ஒப்புதலைச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தடைகள் குறித்து வெளிவந்த ஆய்வுகள் எதை அளந்தன? வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குக் கிளம்பிவிடும் என்ற நிலைமைக்கு அந்த அளவைகள் எவ்வளவு பொருந்தும்? என் வாதம் இதுதான்: வகுப்பறைத் தடையின் பலன் சிறியது என்றாலும் மெய்யானது, அது பெரும்பாலும் பின்தங்கிய மாணவருக்கே போய்ச் சேர்கிறது. ஆனால் தடை வேண்டுமா வேண்டாமா என்ற வாக்குவாதம், அதற்கு முந்தைய ஒரு கேள்வியை மூடிவிடுகிறது. பாடம் நடத்தும் செலவில் ஒரு பங்கைப் பள்ளி எப்போது குடும்பத்தின் கருவிமேல் ஏற்றியது என்பதே அந்தக் கேள்வி.

2. ஆய்வுகள் அளந்தது என்ன?

தடைக்கு ஆதரவாக மிக அதிகம் எடுத்துக்காட்டப்படுவது, லூயி-ஃபிலிப் பெலாண்ட், ரிச்சர்ட் மர்ஃபி ஆகிய பொருளியலாளர்கள் 2015இல் முதல் வடிவிலும் 2016இல் ஆய்விதழிலும் வெளியிட்ட கட்டுரை. லண்டன், பர்மிங்காம், லெஸ்டர், மான்செஸ்டர் ஆகிய நான்கு ஆங்கிலேய நகரங்களின் 91 பள்ளிகள் வெவ்வேறு ஆண்டுகளில் தடை கொண்டுவந்ததை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வில் தடைக்கு முன்னும் பின்னும் மதிப்பெண்கள் எப்படி மாறின என்று பார்த்தார்கள். சராசரி மதிப்பெண் ஒரு திட்டவிலக்கத்தில் 6.41 விழுக்காடு உயர்ந்திருந்தது. முன்பே குறைந்த மதிப்பெண் பெற்றுவந்தவர்களிடம் இந்த உயர்வு 14.23 விழுக்காடு. நன்றாகப் படிப்போரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

நாளிதழ்கள் முதல் எண்ணைத் தலைப்பாக்கின. எனக்கு இரண்டாவதும் மூன்றாவதும்தான் முக்கியம். திட்டவிலக்கத்தில் ஆறு விழுக்காடு என்பது, ஒரு வகுப்பின் நடுவில் நிற்கும் மாணவரை ஓரிரு இடங்கள் முன்னே நகர்த்தும் அளவுதான். ஆனால் அந்தச் சராசரி, ஒன்றும் நடக்காத ஒரு கூட்டத்தையும் கணிசமாக நடந்த ஒரு கூட்டத்தையும் கூட்டி வகுத்த எண். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள பிள்ளை, வகுப்பில் பத்து நிமிடம் தவறவிட்டால் மாலையில் ஈடுசெய்துகொள்ளும். அந்த வகுப்பை விட்டால் வேறு வழியில்லாத பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம் போனது போனதுதான். தடையால் யாருக்கு லாபம் என்ற கேள்விக்கு இந்த ஆய்வு தரும் விடை இதுவே. விவாதங்களில் பெரும்பாலும் காணாமல்போவதும் இதுவே.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அந்த 91 பள்ளிகளில் பல, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே தடை கொண்டுவந்தவை. ஐபோன் வெளிவந்தது 2007இல். ஆகவே ஆய்வில் அகப்பட்ட கைபேசிகளில் ஒரு பகுதி, குறுஞ்செய்தி அனுப்பவும் பாம்பு விளையாடவும் மட்டுமே பயன்பட்ட பழைய பித்தான் போன்கள். இன்றைய ரீல்ஸ் பற்றிய வாதத்துக்கு அதை அப்படியே சான்றாக வைப்பது சரியாகாது.

இதே முறையை ஸ்வீடனில் மறுபடி செய்து பார்த்த கெசல், ஹார்டார்டோட்டிர், டைரஃபோர்ஸ் மூவரும் 2020இல் வெளியிட்ட முடிவு: மதிப்பெண்ணில் விளைவு எதுவும் இல்லை. இரண்டு நாடுகள், ஒரே முறை, வேறு வேறு விடைகள். இதற்கு எனக்குத் தோன்றும் ஒரு விளக்கத்தை ஊகம் என்றே சொல்லிவைக்கிறேன். ஸ்வீடன் பள்ளிகளில் மாணவருக்கு மடிக்கணினி தருவது முன்பே பரவலாகியிருந்தது. கைபேசியை வாங்கி வைத்தாலும் கண்முன்னே இன்னொரு திரை திறந்தே கிடந்தது.

நார்வேயில் சாரா ஆபிரகாம்சன் 2024இல் வெளியிட்ட ஆய்வு, மதிப்பெண்ணுக்கு வெளியேயும் பார்த்தது. தடை வந்த நடுநிலைப் பள்ளிகளில் மாணவியர் உளவியல் அறிகுறிகளுக்காகச் சிறப்பு மருத்துவ உதவியை நாடுவது குறைந்தது. மாணவர், மாணவியர் இருபாலரிடமும் கேலி, துன்புறுத்தல் குறைந்தன. மாணவியரின் மதிப்பெண் கூடியது. வசதி குறைந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகளிடமே விளைவு பெரிதாக இருந்தது. ஸ்பெயினில் 2015இல் தடை கொண்டுவந்த கலீசியா, கஸ்தீயா-லா மான்சா பகுதிகளை ஆராய்ந்தவர்களும் துன்புறுத்தல் குறைந்ததாகவே கண்டார்கள்.

2025இல் பர்மிங்காம் பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வு வந்தது. 30 பள்ளிகள், 12 முதல் 15 வயதுவரையுள்ள 1,227 மாணவர்கள். கட்டுப்பாடுள்ள பள்ளி, கட்டுப்பாடற்ற பள்ளி என்ற வேறுபாடு மாணவரின் மனநலத்தில் தெரியவில்லை. பள்ளி நேரத்தில் கைபேசிப் பயன்பாடு குறைந்தது, ஆனால் நாளின் மொத்தப் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. அதே ஆய்வில், மொத்தப் பயன்பாடு கூடக்கூட மனநலமும் தூக்கமும் மோசமாக இருந்ததும் தெரிந்தது. பள்ளி மணி அடித்தபிறகு நடப்பதைப் பள்ளிவாயில் தடுக்காது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். இதை வைத்துக்கொண்டு தடை தோற்றது என்று எழுதியவர்கள், பள்ளியிடம் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்கிறார்கள். பள்ளியின் வேலை பள்ளி நேரத்தைக் காப்பது. மாலை ஆறு மணிக்குமேல் வீட்டில் என்ன நடக்கிறது என்பது வேறு விசாரணை.

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ‘சொந்தக் கருவி, சொந்த விருப்பம்’ என்ற வாதம் பலவீனமாகிறது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு நடத்தும் பன்னாட்டு மாணவர் தேர்வான பீசாவின் 2022 சுற்றில், உறுப்பு நாடுகளின் மாணவர்களில் சராசரியாக 59 விழுக்காட்டினர், சில கணக்கு வகுப்புகளிலாவது பிறர் பயன்படுத்தும் கருவியால் தங்கள் கவனம் சிதறுவதாகச் சொன்னார்கள். கைபேசியே இல்லாத பிள்ளையும் பக்கத்து பெஞ்சின் கைபேசிக்கு விலை கொடுக்கிறது. (பீசாவில் இந்தியா ஒரேயொரு முறைதான் தலைகாட்டியது. 2009 சுற்றில் நாட்டின் சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்று, பட்டியலின் அடியில் நின்றன. அதன்பின் வெளிவந்த எந்தப் பட்டியலிலும் நாம் இல்லை.)

3. தடையின் விலை

பலனைப் போலவே தடையின் விலையும் எல்லார் தலையிலும் ஒரே அளவில் விழுவதில்லை. நியூயார்க் நகரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில், 2006 முதல், அரசுப் பள்ளிகளில் கைபேசித் தடை கறாராகச் செயல்படுத்தப்பட்டது. கறார் என்றால் எங்கே? உலோகச் சோதனைக் கருவி வைத்த பள்ளிகளில். அப்படிப்பட்ட பள்ளிகள் பெரும்பாலும் கறுப்பின, இலத்தீன் அமெரிக்க ஏழைக் குடும்பங்களின் பகுதிகளில் இருந்தன. மற்றப் பள்ளிகளில் கைபேசி பைக்குள் இருக்கும்வரை யாரும் கேட்கவில்லை.

சோதனைக் கருவி உள்ள பள்ளிகளின் வாசலில் ஒரு தொழிலே முளைத்தது. காலையில் வேன்கள் வந்து நிற்கும். நாளுக்கு ஒரு டாலர் கொடுத்தால் கைபேசியை வாங்கி வைத்து மாலையில் திருப்பித் தருவார்கள். அருகிலுள்ள பெட்டிக்கடைகளும் இதைச் செய்தன. ஒரு கல்வியாண்டுக்கு 180 பள்ளி நாட்கள் என்றால் 180 டாலர், இரண்டு பிள்ளைகள் என்றால் 360. சுரங்க ரயிலில் தனியே வந்துபோகும் பிள்ளையிடம் கைபேசி இருக்கவேண்டும் என்று நினைத்த ஏழைப் பெற்றோர் செலுத்திய வரி இது. மேயர் பில் டி பிளாசியோ 2015 மார்ச்சில் அந்தத் தடையை நீக்கினார். 2025 செப்டம்பரில் நியூயார்க் மாநிலமே முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை என்று புதிய தடையைக் கொண்டுவந்தது. இந்தமுறை கைபேசியைப் பள்ளியே வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்யவேண்டும், அதற்குப் பெற்றோரிடம் பணம் கேட்கக்கூடாது என்ற விதியும் சேர்ந்தது. பழைய வேன்களிலிருந்து கற்ற பாடம் என்று அதை வாசிக்கிறேன்.

4. கொடுத்தது போய், கொண்டுவா என்றது வந்தது

பாடச் செலவு குடும்பத்தின் கருவிமேல் ஏறியது எப்போது என்ற கேள்விக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் கெவின் ரட் அரசு 2008இல் ‘டிஜிட்டல் கல்விப் புரட்சி’ என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி. மொத்தச் செலவு 2 பில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். 2013இல் நிதி நின்றது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அதே ஆண்டு இறுதியில், மாணவர்கள் சொந்தக் கருவியைக் கொண்டுவரும் முறைக்கான கொள்கையை வெளியிட்டது. அரசு கொடுத்த மடிக்கணினியின் இடத்தைப் பெற்றோர் வாங்கிய மடிக்கணினி பிடித்துக்கொண்டது. கற்பித்தல் முறையில் ஏற்பட்ட முன்னேற்றமாக இது பேசப்பட்டது. கணக்கேட்டில் அது ஒரு செலவினத்தின் இடமாற்றம்.

பத்தாண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில், அதே மாநிலம் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கைபேசியைத் தடைசெய்தது. சொந்த மடிக்கணினி கொண்டுவரும் முறை பல பள்ளிகளில் தொடர்ந்தது. பையில் உள்ள சொந்தக் கருவி கட்டாயம், சட்டைப்பையில் உள்ள சொந்தக் கருவி குற்றம். ஒன்று பாடத்துக்கு, மற்றது வம்புக்கு என்று விளக்கலாம். ஆனால் இரண்டிலும் ஒரே செயலிகள் ஓடும் என்பது எந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

தமிழ்நாட்டின் கதை இதற்குக் கிட்டத்தட்ட இணையாக ஓடுகிறது. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் எல்காட் நிறுவனம் வழியாக ஐம்பது லட்சத்தைத் தாண்டிய கணினிகளைக் கொண்டுசேர்த்தது. அவற்றில் எத்தனை பாடத்துக்குப் பயன்பட்டன என்று கேட்பது நியாயமான கேள்வியே. ஆனால் ஒன்றில் அந்தத் திட்டம் தெளிவாக இருந்தது: மாணவருக்குக் கருவி தேவை என்றால் கொடுக்கவேண்டியது அரசு. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகளுக்கான வழங்கல் நின்றது. அதே காலத்தில்தான் பாடம் கைபேசிக்குள் குடிபோனது.

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், கீழ்வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடையில் அரசு முதலில் நம்பியது கைபேசியை அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கைவசம் இருந்தது. எந்த வீட்டிலும் தொலைக்காட்சி இருக்கும் என்று தைரியமாகக் கணக்குப்போட முடிந்ததற்கு 2006இன் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும் ஒரு காரணம். அன்று அதைக் கேலிசெய்யாத தலையங்கம் குறைவு. ஆனால் தொலைக்காட்சி ஒருவழிப் பாதை. வீட்டுப்பாடம் கொடுக்க, திருத்த, வருகை கேட்க ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார்கள். 2018 முதல் புதிய பாடநூல்களில் அச்சான க்யூஆர் குறியீடுகளும் ஒரு கேமரா கைபேசி வீட்டில் இருக்கும் என்ற நம்பிக்கையில் பதிந்தவையே.

பள்ளி திறந்தது, குரூப் மூடப்படவில்லை. இன்றும் வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, நாளை எடுத்துவரவேண்டிய பொருள் எல்லாம் மாலையில் அதில்தான் விழுகின்றன. கைபேசி கொண்டுவராதே என்று காலையில் சொல்லும் அதே பள்ளி, கைபேசியைப் பார்த்துவிட்டு வா என்று மாலையில் சொல்கிறது.

5. ஒரு கைபேசி, ஒரு குடும்பம்

ஊரக இந்தியாவின் கல்விநிலையை அளக்கும் அசர் ஆய்வின் 2021 அறிக்கைப்படி, பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் வீட்டில் திறன்பேசி உள்ளவர்கள் 2018இல் 36.5 விழுக்காடு, 2021இல் 67.6 விழுக்காடு. மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ இரட்டிப்பு. இந்த வளர்ச்சியை மேற்கோள் காட்டும் பலரும் அடுத்த வரியைத் தாண்டிப்போகிறார்கள். வீட்டில் திறன்பேசி உள்ள பிள்ளைகளிலும் 26.1 விழுக்காட்டினருக்கு அது கைக்கே வருவதில்லை. எப்போதும் கிடைக்கும் என்றவர்கள் 27 விழுக்காடு. எஞ்சிய பாதி, எப்போதாவது.

2024 அறிக்கை 14 முதல் 16 வயதுள்ள ஊரகப் பிள்ளைகளிடம் நேரடியாகக் கேட்டது. ஏறத்தாழ 90 விழுக்காடு வீடுகளில் இப்போது திறன்பேசி உண்டு. பயன்படுத்தத் தெரிந்தவர்கள் 80 விழுக்காட்டுக்கு மேல். அப்படித் தெரிந்தவர்களிலும் தமக்கெனக் கைபேசி உள்ளவர்கள் 14 வயதில் 27 விழுக்காடு, 16 வயதில் 37.8 விழுக்காடு. 14 முதல் 18 வயதினரை ஆராய்ந்த 2023 அறிக்கையில் இதன் பால் வேறுபாடு தெரிகிறது: பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 விழுக்காட்டினருக்குச் சொந்தக் கைபேசி, பெண்களில் 19.8 விழுக்காட்டினருக்கு மட்டும்.

இந்த எண்களோடு பெலாண்ட்-மர்ஃபியின் 91 பள்ளிகளை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். அங்கே தடை, மாணவரிடம் இருந்த ஒன்றைச் சில மணிநேரம் விலக்கியது. இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு விலக்க ஒன்றுமில்லை. பள்ளிக்குள் பிடிபடும் கைபேசி பலநேரம் அண்ணனுடையது, அம்மாவுடையது. அதைப் பறிமுதல் செய்து ‘பெற்றோரைக் கூட்டிவா’ என்றால், அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கவேண்டும். அந்த எண்ணில்தான் அவருக்கு வேலைக்கான அழைப்பும் ரேஷன் குறுஞ்செய்தியும் வருகின்றன. நியூயார்க்கின் ஒரு டாலருக்கு நம்மூர்ச் சமம் இதுதான்.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. வீட்டில் கைபேசி தம்பிக்கு முதலில் போகிறது. வெளியே அவள் கைபேசி வைத்திருப்பதே ஒழுக்கக் கேள்வியாகிறது. கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை கைபேசி கூடாது என்ற விதியை ஏற்க மறுத்த மாணவி விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். கேரள உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பி.வி. ஆஷா 2019 செப்டம்பரில் அளித்த தீர்ப்பு, இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்கப் பணித்தது. கல்லூரிக்கான தீர்ப்பைப் பள்ளிக்கு அப்படியே பெயர்க்கமுடியாது. ஆனால் ஒழுங்குக்காக என்று சொல்லப்படும் விதி யார்மீது முதலில் பாய்கிறது என்பதை அது பதிவுசெய்திருக்கிறது.

6. சாதி என்ற தனிக் காரணம்

தமிழ்நாட்டில் தடைக்கு ஆதரவான வலுவான வாதம் கவனச்சிதறல் பற்றியதே அல்ல என்று நினைக்கிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு, சாதிப் பெயர் தாங்கிய பள்ளிகள் ஆகியவற்றைப் பேசும் அந்த அறிக்கை, பள்ளி வளாகத்தில் மாணவர்கள் கைபேசி பயன்படுத்தத் தடையையும் பரிந்துரைத்தது. கயிறும் கைபேசியும் ஒரே அறிக்கையில் இடம்பெற்றது தற்செயலில்லை. சாதித் தலைவரின் பாடலை ஸ்டேட்டஸ் வைப்பதும், வகுப்பில் நடந்த சண்டையைப் படமெடுத்துக் குரூப்பில் போடுவதும் தென்மாவட்ட ஆசிரியர்களின் அன்றாடம். நார்வே, ஸ்பெயின் ஆய்வுகள் துன்புறுத்தல் என்று பொதுவாக அளந்ததற்கு இங்கே சாதி என்ற குறிப்பான உள்ளடக்கம் உண்டு.

இந்த இடத்தில் நான் தடையின் பக்கம். ஆனால் அந்த ஸ்டேட்டஸ் பள்ளிக்குள் பதிவேற்றப்படுவதைவிட ஊரில், இரவில் பதிவேற்றப்படுவதே அதிகம் என்பதால், வாயில் தடை அதன் சிறு பகுதியைத்தான் தொடும்.

7. நடைமுறைக்கு எது எஞ்சுகிறது

2025 பிப்ரவரி 28 அன்று டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதி அனூப் ஜெய்ராம் பம்பானி, கேந்திரிய வித்யாலயா மாணவர் ஒருவரின் வழக்கில் சில நெறிமுறைகளை வகுத்தார். முழுத்தடை விரும்பத்தக்கதும் இல்லை, நடக்கக்கூடியதும் இல்லை. இயன்ற இடங்களில் பள்ளிக்குள் நுழையும்போது கைபேசியை ஒப்படைத்து வெளியேறும்போது பெற்றுக்கொள்ளலாம். வகுப்பறையில் பயன்பாடு கூடாது, பள்ளியின் பொது இடங்களிலும் பள்ளி வாகனத்திலும் படமெடுக்கக் கூடாது. பெற்றோர், ஆசிரியர், வல்லுநர்களைக் கலந்தே பள்ளிகள் விதி எழுதவேண்டும். நிதானமான ஆணை. வெளியூர்ப் பேருந்தில் தனியே வரும் பிள்ளையின் பெற்றோருக்குப் பதில் சொல்லும் ஆணையும் கூட.

அதில் இல்லாதது பள்ளியின் கடமை. வகுப்பறையில் கைபேசி கூடாது என்று விதித்த பள்ளி, வீட்டுப்பாடத்தையும் கைபேசி இல்லாமல் சென்றடையச் செய்யவேண்டும்: கரும்பலகையில் எழுதி, நோட்டில் குறிக்கச் சொல்லி, கடைசி மணிக்கு முன்னால். குரூப்பில் போடுவது கூடுதல் வசதியாக இருக்கட்டும், ஒரே வழியாக இருக்கவேண்டாம். க்யூஆர் காணொளி பாடத்துக்கு அவசியம் என்றால் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் அதைக் காட்ட நேரம் ஒதுக்கவேண்டும். கருவி தேவைப்படும் பாடத்துக்குக் கருவியை அரசு தரவேண்டும் என்ற 2011 மடிக்கணினித் திட்டத்தின் கொள்கை, அதன் அரசியல் கவர்ச்சிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சரியானதே.

தமிழ்நாட்டில் இதை ஆராய முன்வருபவர், தடைக்கு முன் மதிப்பெண், தடைக்குப் பின் மதிப்பெண் என்ற இங்கிலாந்து வரைவைக் கடன்வாங்கினால் நம் நிலைமையின் பாதி அதில் சிக்காது. ஒரு வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பை எடுத்துக்கொண்டு தொடங்கலாம். எந்த நேரத்தில் என்ன அனுப்பப்பட்டது, மறுநாள் செய்யாமல் வந்தவர்கள் யார், அவர்களுக்கு வகுப்பில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். குரூப்பில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, அது வீட்டில் யாருடையது, அவர் வேலை முடிந்து எத்தனை மணிக்குத் திரும்புகிறார், பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கப்போகிறது என்ற மூன்று விவரங்களையும் எழுதிக்கொள்ளவேண்டும்.